விளக்குக்காரன் வீட்டுக்காரி

வளைகுடா நாட்டிலிருந்து லீவில் வருகிறவர்களிடம் எங்கள் பக்கத்தில் இரண்டே கேள்விகள்தான் கேட்பார்கள். "எப்ப வந்தீங்க?" "எப்பப் போறீங்க?" முதல் கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது வந்து விழும். அத்தா, என் அப்பா, பாலக்கரை டீக்கடையில் போய் உட்கார்ந்தாலும் இதுதான், முசிறியில் அம்மாவின் பிறந்த வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் இதுதான். முழங்கால் வலிக்கிறது என்றாரே என்று புத்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த மனிதர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, "திரும்ப எப்போ கெளம்புறீங்க?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அப்படியே எழுந்து வந்திருப்பேன். அத்தா மட்டும் சிரித்துக்கொண்டே, "இன்ஷா அல்லாஹ், இன்னும் ரெண்டு மாசம் இருக்கு சார்" என்றார்.

அத்தா தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். நான் பிறப்பதற்கு முன்பே போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். பெட்டியைப் பிரித்து எல்லோருக்கும் சாமான் கொடுப்பார். தாம் இல்லாதபோது நடந்த கல்யாணங்களையும் மய்யித்துகளையும் விசாரித்து வீடு வீடாகப் போய் வருவார். அதற்குள் லீவு முடிந்துவிடும். இந்தத் தடவை வந்தது கான்ட்ராக்ட் முடிந்து. விசா காலாவதியாவதற்குள் திரும்பி வந்தால் புதுப்பித்துக்கொள்ளலாம், வராவிட்டால் இடம் வேறு ஆளுக்கு என்று கம்பெனியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆழ்வார்தோப்பில் வீடு கட்டியாயிற்று. நான் படிப்பை முடித்து ஸ்ரீரங்கத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் போவதற்குக் காரணம் என்று ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் கேட்பவர்களிடமெல்லாம், "இன்னும் ஒரு ரெண்டு வருஷம் பாத்துட்டு வந்துர்லாம்னு இருக்கேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போகக் கூடாது என்பது என் ஆசை. ஆசை என்று மரியாதைக்குச் சொல்கிறேன், உண்மையில் அது பிடிவாதம்.

பிடிவாதத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். புறப்படுகிற ஆளைப் "போகாதீங்க" என்று தடுப்பது எங்கள் வீட்டில் கிடையவே கிடையாது. போகிறவர் உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்ப் பயணம் சொல்லுவார், அவர்கள் துஆ செய்து அனுப்புவார்கள், அவ்வளவுதான். அந்த நேரத்தில் மறித்து ஒரு சொல் சொல்லிவிட்டால் பயணத்துக்கு ஆகாது என்று ஒரு பயம். வாசலில் கார் வந்து நிற்கும்போது அம்மா சொல்லி நான் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். "பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டீங்களா?" அழுகையெல்லாம் கார் தெருமுனை திரும்பிய பிறகு.

அவர் ஏன் போகத் துடிக்கிறார் என்று நான் கவனித்துப் பார்த்தேன். துடிக்கவெல்லாம் இல்லை. அவருக்கு இந்த வீட்டில் என்ன செய்வதென்று தெரியவில்லை. கூடத்து விளக்கைப் போட நாலு சுவிட்சைத் தட்டிப் பார்ப்பார். சீனி டப்பா எங்கே இருக்கிறதென்று தெரியாது. அடுப்படி வாசலில் நின்று, "ஒரு டீ கிடைக்குமா?" என்று கேட்பார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. கேஸ், கரண்ட் பில், பிளம்பர், என் காலேஜ் என்று எல்லாவற்றையும் தனியாகவே பார்த்துப் பழகியவள். அவர் ஒரு டம்ளரைக் கழுவப் போனாலும், "நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கி வைத்துவிடுவாள். கறியில் நல்ல துண்டு அவருக்கு. புதுத் துண்டு அவருக்கு. மரியாதையெல்லாம் குறைவில்லை, விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை. காலையில் பேப்பரை இரண்டு தடவை படித்துவிட்டு, பத்து மணிக்கெல்லாம் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்குப் பார்க்கச் சகிக்காது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுக்கு வீடியோ கேம் வந்தது. ஆபீஸில் என்னோடு வேலை பார்த்த ஒருவருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பெண் வீட்டார் வந்து பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில் தன் கேம் பெட்டியையும் நாலைந்து கேம்களையும் விற்றார். எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஆசை. வாங்கி ஒரு கட்டைப்பையில் வைத்து, ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "கட்டிக்கப் போறவன் வித்தான்னா அதுல அர்த்தம் இருக்கு. கட்டிக்க வேண்டியவ வாங்கிட்டு வந்து நிக்கறியே" என்றாள்.

அதில் ஒரு கேம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சண்டை, துப்பாக்கி எதுவும் இல்லை. கடலில் சிதறிக் கிடக்கிற தீவுகள். ஒவ்வொரு தீவிலும் ஒரு கலங்கரை விளக்கம், எல்லாம் அணைந்து கிடக்கிறது. ஒரு விளக்குக்காரன் படகில் தீவு தீவாகப் போய் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். வழியில் பார்க்கிறவர்களோடு பேச வேண்டும், அவர்கள் கேட்பதற்கு நாலைந்து பதில் திரையில் வரும், நாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். அவர்களுடைய கதைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் அடுத்த தீவுக்கு வழி தெரியும். அவனுக்கு ஒரு சொந்தத் தீவும் உண்டு. அங்கே அவன் மனைவி வலை பின்னிக்கொண்டிருக்கிறாள்.

நான் விளையாடுவதை அத்தா முதல் நாள் தூர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். விளக்குக்காரன் முதுகில் ஒரு மூட்டை இருக்கும். கிடைப்பதையெல்லாம் அதில் போட்டுக்கொள்ளலாம். எடை அதிகமானால் அவன் ஓட மாட்டான், நடப்பான். இன்னும் அதிகமானால் நடக்கவும் மாட்டான். இதை நான் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. அத்தா கேட்டார். நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து, "எத்தனை கிலோ விடறான்?" என்றார், ஏர்போர்ட் கவுன்டரில் கேட்கிற மாதிரி.

அந்தக் கேள்வியிலேயே எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. விற்றவர் சொல்லியிருந்தார், பொறுமையாக விளையாடினால் இந்தக் கதை மாசக்கணக்கில் இழுக்கும் என்று. அத்தாவோ எதையும் பாதியில் விட்டு எழுந்திருக்கிற ஆள் இல்லை, ஸ்டாக்கை எண்ணி முடிக்காமல் சாவியைக் கொடுக்கத் தெரியாதவர். கதை முடியாமல் ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப மாட்டார் என்று ஒரு நப்பாசை. கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்து, "எனக்கு டயர்டா இருக்கு, நீங்க கொஞ்சம் நடத்துங்க அத்தா" என்றேன். அவர் பிஸ்மி சொல்லி வாங்கிக்கொண்டார்.

முதல் சில நாட்கள் விளக்குக்காரன் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தான். இடது கட்டைவிரலில் நடக்க வேண்டும், வலது கட்டைவிரலில் பார்க்க வேண்டும். அத்தாவுக்கு ஒன்று செய்யும்போது மற்றது நின்றுவிடும். சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிற அவனைப் பார்த்து, "வாப்பா, இந்தப் பக்கம் வாப்பா" என்று கெஞ்சுவார். அவன் கடலில் விழுந்தால் இவர் காலைத் தூக்கிக்கொள்வார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப்போயிற்று. ஆனால் மனிதர் விடவில்லை. நான் ஆபீஸ் விட்டு வந்து கைகால் கழுவுவதற்குள் டிவி முன்னால் ஆஜராகியிருப்பார். மக்ரிப் பாங்கு சொன்னால் விளக்குக்காரனை அப்படியே மழையில் நிறுத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவார். "ஒரு ஓரமா ஒதுங்க வச்சுட்டாவது போங்களேன்" என்பேன். "அவனுக்கென்ன சளியா பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டுவார். மறுநாள் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக அவனைக் கொண்டுபோய் ஒரு கூரைக்கு அடியில் நிறுத்துவார்.

அவரோடு விளையாடுவது பெரிய சோதனை. அந்த மாதிரிக் கேம்களில் யார் வீட்டுக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பெட்டி, பானையெல்லாம் திறந்து பார்க்க வேண்டும். சாவி, எண்ணெய், வரைபடம் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். அத்தா தொடமாட்டார்.

"அடுத்தவங்க வீட்டுப் பொட்டிய எதுக்கும்மா தொறக்கணும்?"

"கேம்ல அப்படித்தான் அத்தா. தொறந்தாத்தான் கதை நகரும்."

"கேட்டுட்டுத் தொறக்க பட்டன் இல்லையா?"

இல்லை. அதனால் பெட்டி திறக்கிற வேலை மட்டும் என்னுடையதாயிற்று. நான் திறக்கும்போது அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். எடுத்ததற்கு அப்புறம் மூட்டைக்குள் வரிசையாக அடுக்குவதில் மட்டும் ஒரு குறையும் வைக்க மாட்டார். எண்ணெய்க் குப்பிகள் ஒரு பக்கம், திரிகள் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம். பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்வதற்கும் அவருக்கு நேரம் எடுக்கும். திரையில் வருகிற இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பார், நான் தமிழில் சொன்னதோடு ஒத்துப் பார்ப்பார், இருப்பதிலேயே பணிவான பதிலைத் தேர்ந்தெடுப்பார். ஒரு தீவில் ஒருவன் எங்களை ஏமாற்றி எண்ணெயைப் பிடுங்கிக்கொண்டான். அவனுக்கும் "சரி, பரவாயில்லை" என்றே சொல்லவைத்தார். நான் கத்தினேன். "அவன் நெலம என்னவோ" என்றார்.

அம்மா எங்களுக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்து கீரை ஆய்வாள், அரிசி புடைப்பாள். டிவி பக்கம் நிமிரவே மாட்டாள். நாங்கள் விளையாடுவதைப் பற்றி அவளுக்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது என்று நினைத்திருந்தேன். விளக்குக்காரனுக்கு "மூட்டைக்காரன்" என்று அவள் வைத்த பேரை மட்டும் அவ்வப்போது சொல்வாள். "உங்க மூட்டைக்காரனுக்குப் பசிக்கவே பசிக்காதா?" "மூட்டைக்காரன் சட்டைய மாத்தவே மாட்டானா?" இப்படி. ஒரு நாள் திடீரென்று கேட்டாள்.

"அவன் பொண்டாட்டி சாப்பாட்டுக்கு என்ன பண்றா?"

கேமில் அதைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை. "வலை பின்னறால்ல, அதுல வரும்" என்று அத்தா சமாளித்தார். அம்மா உம் கொட்டிவிட்டு முறத்தைத் தட்டினாள்.

பெரிய சண்டை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாறைமேல் இருக்கிற ஒரு விளக்குக்கு ஏற வேண்டும், புயல் வேறு. அரை நாள் போராடி, விழுந்து எழுந்து, ஒருவழியாக உச்சிக்குப் போய் மூட்டையைத் திறந்தால் எண்ணெய் இல்லை. ஒரு குப்பிகூட இல்லை. மூட்டையோ அவனை ஓடவிடாத கனம். நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சங்கு. பாசிமணி. நீலத் துணி. சிவப்புத் துணி. வாசனைத் தைலம். ஒரு மரப் பொம்மை. இன்னும் சங்கு. போகிற தீவிலெல்லாம் கரையில் கிடந்ததையும் சந்தையில் கிடைத்ததையும் நான் ஆபீஸ் போயிருந்த நேரத்தில் எடுத்துப் போட்டிருக்கிறார். எடை கூடியதும் எண்ணெயை இறக்கி வைத்துவிட்டார்.

"அத்தா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? இதெல்லாம் யாருக்கு?"

"வீட்டுக்குத்தான்."

"யாரு வீட்டுக்கு?"

"அவன் வீட்டுக்கு. திரும்பிப் போவான்ல. வெறுங்கையோட போக முடியுமா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இதெல்லாம் சும்மா அலங்காரத்துக்குப் போட்டிருப்பது, எடுத்தாலும் எதற்கும் ஆகாது என்று கத்தினேன். நம்பாமல் பார்த்தார். சங்கின்மேல் அம்புக்குறியை வைத்து விவரத்தைக் காட்டினேன். எந்தப் பயனும் இல்லாத பொருள் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு, "இதை எழுதுனவன் லீவுல வீட்டுக்குப் போனதில்ல போல" என்றார்.

பின்னால் அம்மா சிரித்தது கேட்டது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் முகத்தை மாற்றிக்கொண்டு கீரையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அத்தனை கோபத்திலும் எனக்கு அவர்மேல் ஒரே அன்பாகப் போய்விட்டது. எனக்கு வாங்கி வந்த டார்ச்லைட்டுகள், தைலங்கள், உடம்புக்குப் போதாத சட்டைகள், யாரும் குடிக்காத ஆரஞ்சுப் பொடி டப்பாக்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. அதில் எத்தனையை நானே வேண்டாம் என்று பரணில் போட்டிருக்கிறேன். அன்றைக்கு எண்ணெய்க்காகத் திரும்பவும் கீழே இறங்கிப் போனோம். சாமானில் ஒன்றைக்கூட அவர் இறக்கவில்லை, விளக்குக்காரன் ஊர்ந்துகொண்டே போய் ஊர்ந்துகொண்டே வந்தான்.

அடுத்த வாரம் கதை விளக்குக்காரனைச் சொந்தத் தீவுக்குக் கொண்டுபோயிற்று. அத்தா அன்றைக்குச் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக எனக்கு ஒரு நினைவு, நானே இட்டுக்கட்டியதாகவும் இருக்கலாம். விளக்குக்காரன் வீட்டுக்குள் போனான். அவள் வலை பின்னிக்கொண்டிருந்தாள். "கடல் எப்படி இருந்தது?" என்றாள். அத்தா சங்கைக் கொடுப்பதற்குப் பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்றை அழுத்தினார். அவன் குதித்தான். வேறொன்றை அழுத்தினார். உட்கார்ந்தான். கன்ட்ரோலரில் இருக்கிற எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கொடுக்க வழியில்லைத்தா" என்றேன்.

"எடுக்க விட்டான்ல?"

"எடுக்கலாம். கீழ போடலாம். கொடுக்க முடியாது."

அத்தா மூட்டையிலிருந்து ஒவ்வொன்றாகத் தரையில் இறக்க ஆரம்பித்தார். அவளைச் சுற்றி, காலில் படாமல், வரிசையாக. சங்குகள், பாசிமணி, பொம்மை, தைலக் குப்பி. அவள் பாட்டுக்கு வலை பின்னிக்கொண்டிருந்தாள். நீலத் துணியை இறக்கப் போகும்போது பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"துணியத் தரையில போடாதீங்க, அழுக்காவும். அந்தப் பலகைமேல வைங்க."

அத்தா மறுபேச்சில்லாமல் விளக்குக்காரனைப் பலகைமேல் ஏற்றி நிறுத்தி, துணியை அங்கே இறக்கினார். எல்லாம் முடிந்ததும் அவள் அருகே போய் நின்று பட்டனை அழுத்தினார். "கடல் எப்படி இருந்தது?" என்றாள். "நல்லா இருந்துச்சும்மா" என்று டிவியைப் பார்த்துச் சொன்னார் அத்தா. மறுபடி அழுத்தினார். மறுபடி அதையே கேட்டாள். "கொஞ்சம் புயலு" என்றார். அவளுக்கு அந்த ஒரு கேள்விதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இவர் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படிக்கு எழுந்து போய்விட்டாள்.

அப்புறம் ஒரு சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தபோது கூடத்தில் ஒரு புது அட்டைப்பெட்டியும் நைலான் கயிறும் இருந்தன. கம்பெனியிலிருந்து போன் வந்ததாம். பாலக்கரை டிராவல்ஸில் அடுத்த வாரம் வியாழக்கிழமைக்கு சீட் இருந்ததாம். போட்டுவிட்டாராம். "விசா முடியறதுக்குள்ள போயிர்லாம்னு" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். நான் கைப்பையை வைத்துவிட்டு நேராக மாடிக்குப் போனேன். மலைக்கோட்டை அங்கேயே நின்றுகொண்டிருந்தது, அதன்மேல்கூட எனக்கு எரிச்சலாக வந்தது.

சாப்பிடும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அத்தா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்ததும் அம்மா என் தட்டில் ஒரு கரண்டி குழம்பை ஊற்றி, என்னை ஒரு பார்வை பார்த்தாள். பேச்சு அப்படியே நின்றது. பிறகு அம்மாவை அடுப்படியில் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, உனக்கு அவரு போகணுமா?"

"பயணம் போட்டாச்சு. போற நேரத்துல எதையாச்சும் சொல்லி வைக்காத."

"நீயாவது சொல்லேன்."

"நான் என்னைக்குச் சொல்லியிருக்கேன், இன்னைக்குச் சொல்ல?" என்றாள். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள், அதற்கு மேல் பேச்சு இல்லை என்று அர்த்தம். மறுநாள் ஆபீஸில் ஆடிட்டர், "தோப்பனார் எப்போ புறப்படறார்?" என்று கேட்டார். "வியாழக்கிழமை சார்" என்று சொல்லிவிட்டுப் பாத்ரூமில் போய் அழுதேன். சாயங்காலம் பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தபோது ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை.

சனிக்கிழமை அவர் முசிறிக்குப் போய்ப் பயணம் சொல்லிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை நாஸ்டா முடிந்ததும் டிவியைப் போட்டார். "ஒரே ஒரு விளக்குத்தானே பாக்கி? இன்னைக்கே முடிச்சிர்லாம். பாதியில விட்டுட்டுப் போனா அங்க தூக்கம் வராது" என்றார். என்னுடைய மாசக்கணக்குத் திட்டம் இப்படி முடியும் என்று நான் நினைக்கவில்லை. மனசு இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

கடைசி விளக்கு தொலைதூரத் தீவில். சொந்தத் தீவிலிருந்துதான் கிளம்ப வேண்டும். அத்தா மூட்டையைக் கட்டினார். இந்தத் தடவை எண்ணெய் மட்டும்தான். விளக்குக்காரன் கதவைத் திறந்து வெளியே போனான். திரை கறுப்பாயிற்று. மறுபடி வெளிச்சம் வந்தபோது நாங்கள் அவன் வீட்டுக்குள்ளேயே இருந்தோம். அத்தா நடக்கிற விரலை அசைத்தார். வலையைக் கீழே வைத்துவிட்டு அவள் எழுந்தாள்.

"அவன் எங்கம்மா?"

"இப்ப நீங்க அவன் இல்லைத்தா. இப்ப நீங்க அவ."

அத்தா கன்ட்ரோலரை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். மெதுவாக அவளை நடத்திக்கொண்டு வெளியே வந்தார். படகுத்துறையில் விளக்குக்காரன் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தான். அவனை முன்பக்கமாக நாங்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை, அதுவரைக்கும் முதுகையும் மூட்டையையும்தான் பார்த்திருந்தோம். வயசாளியாகத் தெரிந்தான். "போய்விட்டு வரட்டுமா?" என்றான். திரையில் மூன்று பதில்கள் வந்தன. நான் தமிழில் சொன்னேன்.

"ஒண்ணு, சீக்கிரம் வாங்க. ரெண்டாவது, உடம்பப் பாத்துக்கங்க. மூணாவது, போகாதீங்க."

"முதலாவதுதான்" என்றார் அத்தா. "அதானே சொல்லுவாங்க." ஆனால் அழுத்தவில்லை. விரல் பட்டன்மேலேயே இருந்தது. விளக்குக்காரனுக்காக எத்தனையோ பதில் சொன்ன மனிதர், பணிவானது எதுவென்று உடனே கண்டுபிடிக்கிறவர், இப்போது மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்.

"நீ சொல்லு. இவ என்ன சொல்லணும்?"

"அதான் மூணு எழுதிப் போட்டிருக்கானே" என்றாள் அம்மா.

"அதுல எதுன்னுதான் கேக்குறேன்."

அம்மா நிமிரவில்லை. கையில் இருந்த கொத்தை உருவி முடித்து, குச்சியை ஓரமாக வைத்தாள்.

"போக வேணாம்னு சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

அத்தா திரும்பி, மூன்றாவதை அழுத்தினார். திரையில் அவள், போகாதீர்கள் என்றாள். விளக்குக்காரன் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் தோளில் கை வைத்தான். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறினான். படகு நகர்ந்தது. அத்தா பட்டனை மறுபடி மறுபடி அழுத்தினார். அவள் கரையோரமாக நாலடி நடந்து நின்றுவிட்டாள், அதற்கு மேல் போக வழியில்லை.

"என்னம்மா இது? வேணாம்னுதானே சொன்னோம்?"

"கதை அப்படித்தான் அத்தா. மூணுல எதைச் சொன்னாலும் அவன் போவான்."

"அப்ப எதுக்கு வந்து கேக்குறான்?"

அத்தாவுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. எண்ணெயைப் பிடுங்கியவனிடம்கூட வராத கோபம். கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். அம்மா பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது, தானே ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி.

"அவன் போயிட்டான்" என்றார்.

அம்மா அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"நான் அவனையா சொன்னேன்?"

அத்தா நாற்காலியிலிருந்து எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்கு எதிரில் பாயில் மெதுவாக உட்கார்ந்தார். கீரைக் கட்டிலிருந்து ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தார். அம்மா அதைக் கையிலிருந்து வாங்கவில்லை. "காம்போட உருவாதீங்க. பாத்துச் செய்யிங்க" என்று அதட்டினாள். "சரி" என்றார் அத்தா.

வியாழக்கிழமை விமானம் போயிற்று. அவர் போகவில்லை.